தங்க நோட்டுப் பிரதிகளில் எடையும் ‘நகல்’ முத்திரையும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய நோட்டுகளின் தங்கப் பிரதிகள் இணைய அங்காடிகளில் பரிசுப் பொருளாகவும், சில விளம்பரங்களில் முதலீடாகவும் விற்கப்படுகின்றன. அவற்றுள் அதிகம் கண்ணில் படுவது ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலர் நோட்டின் பிரதி. எங்கள் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பேத்திக்குச் சேமிப்பாக இருக்கட்டும் என்று வாங்கிய அத்தகைய தாளை அண்மையில் என்னிடம் காட்டினார். உடன் வந்த சான்றிதழில் ‘24 காரட், 99.9 சதவீதம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எத்தனை மில்லிகிராம் தங்கம் என்பது மட்டும் எங்கும் இல்லை. நகைக்கடையில் அதை எடைபோடவே மறுத்துவிட்டார்களாம்.

காரட் தங்கத்தின் தரத்தைச் சொல்லுமே தவிர, எடையைச் சொல்லாது. இத்தகைய தாள்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலத்தின் மீது ஏற்றிய பூச்சுதான். சிலவற்றில் தங்கத்தின் நிறம் மட்டுமே உண்டு. 0.1 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு அசல் தங்கமே பூசியிருந்தாலும், அந்த நோட்டின் அளவுக்கு ஒரு பக்கத்தில் சுமார் 20 மில்லிகிராம்தான் தேறும்.

பழைய நோட்டுகளைச் சேகரிப்பவன் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் ஜிம்பாப்வே ரிசர்வ் வங்கி வெளியிட்ட அசல் நோட்டு, வெறும் காகிதம். தலைநகர் ஹராரேக்கு அருகே உள்ள எப்வொர்த்தின் அடுக்குப் பாறைகள் முகப்பில் அச்சிடப்பட்ட அந்த நூறு லட்சம் கோடி டாலருக்கு, 2015இல் அந்நாட்டு அரசு மாற்றிக் கொடுத்தது 40 அமெரிக்க சென்ட் மட்டுமே. ஒரு தேசத்தின் உழைப்பும் சேமிப்பும் பணவீக்கத்தில் கரைந்துபோனதற்குச் சாட்சியாக இருப்பதால்தான் அந்தக் காகிதத்தைச் சேகரிப்பாளர்கள் இன்று பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த மதிப்பில் துளிகூடப் பிரதிக்கு வந்து சேராது.

நாணயம், நோட்டு ஆகியவற்றின் போலிப் படிகளில் ‘நகல்’ என்று அழியாதபடி பொறிக்க வேண்டும் என அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நகைகளுக்கு ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளத்தைக் கட்டாயமாக்கிய நம் நுகர்வோர் விவகாரத் துறை, தங்கத்தின் பெயரைச் சொல்லி விற்கப்படும் இத்தாள்களிலும் ‘நகல்’ முத்திரையையும் தங்கத்தின் எடையையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வாங்குவோர் தங்கத்தின் எடையை ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்கக் கூடாது.

இங்ஙனம்,
பழைய நோட்டு சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சி.