செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்டீயரிங் அமைப்புப் பணிகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சொந்தமாகக் கார் வடிவமைக்கும் நம் சங்கத்தில் இந்த ஆண்டு மற்ற வேலைகளையெல்லாம் ஸ்டீயரிங் ஓரங்கட்டிவிட்டது. பயிற்சிக் காரை மெதுவாகத் திருப்பினாலே முன் டயர்கள் தேய்த்துக்கொண்டு கீச்சிட்டன. அதன் காரணத்தைத் தேடித்தான் இறங்கினோம்.

வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. குதிரை வண்டிக் காலத்திலேயே மியூனிக்கின் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். 1818இல் லண்டனில் காப்புரிமை பெற்ற அவருடைய முகவர் அக்கர்மேனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. முகவருக்கு யோகம்தான்!

சக்கரங்களைத் திருப்பும் கைகளான ஸ்டீயரிங் ஆர்ம்களைக் கோடாக நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும் என்ற பழைய விதிப்படிதான் நம் காரும் அமைந்திருந்தது. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 2.5 மீட்டர், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் முளை) இடைவெளி 1.5 மீட்டர், ஆர்ம் நீளம் 15 சென்டிமீட்டர். உள்சக்கரம் 30 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரம் 23.2 டிகிரி திரும்ப வேண்டும். நமக்கோ 25 டிகிரிக்கு மேல் போனது. அந்த விதிப்படி காரின் நீளவாக்கிலிருந்து ஆர்மின் சாய்வு 16.7 டிகிரி. அதை 24 டிகிரியாக மாற்றிக் கணக்கிட்டதும் 30 டிகிரியில் சரியாகப் பொருந்தியது. இடையில் மூன்றில் ஒரு டிகிரிக்குள்தான் பிழை. அந்தப் பிழை முழுதாகப் போகாது. இரு ஆர்ம்களையும் இணைக்கும் தண்டான டை ராடு ஒன்று மட்டும் உள்ள அமைப்பு நேர் நிலையிலும், இருபுறமும் தலா ஒரே ஒரு கோணத்திலும் மட்டுமே துல்லியமாக இருக்கும். பிழையை எங்கே விட்டுவைப்பது என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. இன்னொரு ஸ்டீயரிங் ஏற்பாடான டேவிஸ் அமைப்பு எல்லாக் கோணத்திலும் கச்சிதமானது. ஆனால் அதன் சறுக்கு மூட்டுகள் தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும் என்பதால் அதைக் கைவிட்டோம்.

பந்தயப் பிரிவினருடன் இதில் வாக்குவாதம் நடந்தது. வேகமான வளைவில் டயர்கள் பார்த்த திசையில் போவதில்லை, சற்று வழுக்கியே போகின்றன. எடை ஏறிய வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் வழுக்குக் கோணம் (டயர் பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் உள்ள வித்தியாசம்) தேவை. ஆகவே சக்கரங்களை இணையாகவோ, அக்கர்மேனுக்கு எதிராகவோ (வெளிச்சக்கரம் அதிகமாகத் திரும்பும்படி) திருப்பலாம் என்றார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் நம் கார் பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும் கார் என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை.

அடுத்த ஆண்டு பம்ப் ஸ்டீயரை, அதாவது மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புவதைக் கவனிக்க வேண்டும். என் கருத்தில் இதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். இப்போதுள்ள முன் அச்சுக்குப் பதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்த சஸ்பென்ஷனும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் நகரும் பல்சட்டமான ரேக்கும் வரும்போது, டை ராடின் நீளமோ உயரமோ பொருந்தாவிட்டால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகவே திரும்பும். சக்கரத்தைத் தாங்கும் கைகளான மேல், கீழ் விஷ்போன்களின் கோடுகள் சந்திக்கும் புள்ளியை நோக்கியே டை ராடும் அமைய வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜால் அளந்து பார்க்கத் திட்டம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கேஜ் இரவல் தரக்கூடிய உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்