அன்தூராவை விட்டுவிட்டேன், ஹாலிதே அம்மா

அன்புள்ள ஹாலிதே எதிப் அம்மாவுக்கு,

இன்று ஜனவரி 9. துருக்கி எழுத்தாளரான நீங்கள் 1964இல் இதே நாளில்தான் கண்ணை மூடினீர்கள். இஸ்தான்புல் சுல்தானகமெட் சதுக்கத்தில் பேசியது, 1920இல் சுல்தானின் அரசு விதித்த மரண தண்டனை, போர்முனை, பிறகு நாடு விட்டுப் போன வருடங்கள், இதையெல்லாம் உங்களிடமே ஒப்பிக்க வரவில்லை.

போன மகளிர் தினத்தன்று எங்கள் வாசகர் வட்டத்தில் உங்களைப் பற்றி 40 நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "லெபனான்ல, அன்தூராங்கிற ஊர்ல ஒரு அனாதை இல்லம் நடத்தினாங்களாமே, மேடம்? படுகொலைல பெத்தவங்கள இழந்த ஆர்மீனியப் பசங்க பேரை மாத்தினாங்களாமே?"

நேரமாகிவிட்டதும்மா என்றேன். ஆகவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் 10 நிமிடம் பாக்கி இருந்தது. அவளும் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் டீ வந்தது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

தப்புதான். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட கணவரை 1910இல் உதறிவிட்டு வந்தவர் நீங்கள். அந்த ஹாலிதேயைத்தான் அங்கிருந்த பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தேன். 1935இல் டெல்லி ஜாமியா மிலியா கல்வி நிலையத்தில் நீங்கள் பேசியதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அந்த நேரத்தில் அன்தூராவை எப்படி எடுப்பேன்?

நீங்கள் மட்டும் எடுத்தீர்களா என்ன? எடுத்தீர்கள், அதுதான் எரிச்சல். இந்தக் குழந்தைகளுக்கு ஏன் முஸ்லிம் பெயர் என்று, முதல் உலகப் போரின்போது அந்தப் பகுதியை ஆண்ட ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷாவிடம் கேட்டதாகவும், அப்படிப்பட்ட இல்லத்தோடு எனக்கு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு போய் அதே இல்லத்துக்குப் பொறுப்பேற்றீர்கள். பெயரை மாற்றியது உங்களுக்கு முன்பே நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். பசியில் தெருவில் செத்திருப்பார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். சோறு போட்டீர்கள். ஆனால் அங்கே வளர்ந்த ஒரு பையன், பெயர் போய் நம்பரானதையும், ஆர்மீனிய மொழியில் பேசினால் அடி விழுந்ததையும் பின்னாளில் எழுதிவைத்தான். துருக்கி மொழியின் மேல் அத்தனை உயிராக இருந்த உங்கள் காதில் அது எப்படி விழாமல் போனது?

மக்கள் நமக்கு நண்பர்கள், அரசாங்கங்கள்தான் எதிரி என்று 1919இல் சுல்தானகமெட்டில் அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன் சொன்னீர்கள். அன்தூராவை விட்டு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்காது.

இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கப்போவதில்லை, மற்றவர்கள் படிப்பார்கள். மொழி, இனம் என்று எடுத்தால் யார் எந்த ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அன்தூராவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் அதே ஹாலில் அந்த 10 நிமிடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்களைத் திட்டப் போகவில்லை. சுல்தானகமெட்டையும் மறுபடி சொல்வேன், விட மனசு வராது.

அந்தப் பெண்ணுக்கும் செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.