அந்த நோட்டுகளை அனுப்பப் போவதில்லை, அக்கா

அக்கா,

உங்கள் மெயில்களுக்குப் பதில் போடாமலே இருந்ததற்கு மன்னியுங்கள். பதில் தெரியாமல் இல்லை, எழுதக் கை வரவில்லை. பொதுவில் எழுதுவதற்குக் காரணம், மியான்மரில் நாம் நடத்திய, வரும் செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்த ஞாயிறு வகுப்பில் நம்மோடு இருந்த மற்றவர்களிடமும், பிள்ளைகள் எழுதிய நோட்டுகளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், அவர்களும் படிக்கட்டும். ஊர், கோயில், பிள்ளைகளின் பெயர் எதுவும் இதில் வராது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்க வேண்டாம்.

2017 செப்டம்பர் வகுப்புதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. ஃபேஸ்புக் மெசஞ்சரில் அப்போது இரண்டு செய்திகள் சுற்றின. 11ஆம் தேதி முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்று பௌத்தர்களுக்கு ஒன்று, அதே தேதியில் பௌத்தர்கள் கிளம்பப் போகிறார்கள் என்று முஸ்லிம்களுக்கு ஒன்று. இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே நின்றீர்கள். வகுப்பே முழித்தது. அப்புறம் பின்வரிசையிலிருந்து அந்தப் பெண், "சாயாமா, ரெண்டையும் அனுப்பினா யாருக்கு லாபம்?" என்றாள் (பர்மிய மொழியில் டீச்சரை அப்படித்தானே கூப்பிடுவார்கள்). அன்று டீக்கடையில் உங்களுக்கு வேறு பேச்சே இல்லை. 2014இல் சிம் 1500 கியாட்டுக்கு இறங்கியதும் நேரே ஃபேஸ்புக்கில் குதித்த நம் ஜனங்களுக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்றீர்கள்.

போதவில்லை அக்கா. 2021 பிப்ரவரி 4ஆம் தேதி, ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஃபேஸ்புக்கையே அடைத்தது. "வேறு எங்கே வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்பு" என்பது உங்கள் பாடம். வேறு எங்கே பார்ப்பது? அதற்குத் தடையைத் தாண்டி நெட் பார்க்க வைக்கும் விபிஎன் வேண்டும், 2025 சைபர் சட்டப்படி அனுமதியில்லாமல் விபிஎன் சேவை தருவதே குற்றம். வீதியில் நிறுத்திப் போனைத் திறக்கச் சொல்வதும் உண்டு. இதற்கு மேல் எழுதமாட்டேன். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் "உள்கட்டமைப்புச் சவால்கள்" என்று ஒரே வரியில் போய்விட்டது, படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் போனதைக் குறை சொல்லவில்லை, போங்கள் போங்கள் என்று பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தானே.

ஆனால் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே நகரம் என்று சொல்லி ஏஐ வீடியோக்கள் வந்து குவிந்தன. ஒரு பையன் ஒன்றை நிறுத்திப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினான். இடிந்த கடையின் பெயர்ப்பலகையில் பர்மிய எழுத்து மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது, ஒன்றும் எழுத்தில்லை. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு நெட்டே தேவைப்படவில்லை. பின்வரிசையில் அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் தம்பிதான், உங்களைப் பார்த்ததுகூட இல்லை, தன் அக்காவிடம் கற்றது.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யார் எந்தச் செய்தியை யாருக்கு அனுப்பினார்கள் என்று எழுதிவரச் சொன்னதே நீங்கள்தான், பிள்ளைகளும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். மாமா, சித்தப்பா, கடை, தெரு எல்லாம் அதில் இருக்கிறது. பெயரை அடித்துவிட்டால் போதும் என்கிறீர்கள். எங்கள் தெருவில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்வார்கள்.

பாடத்திட்டம் உங்களுடையது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு வராது. நன்றி சொல்லும் பக்கத்திலும் என் பெயர் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபமும்தான்.