சுவரோரக் காற்றைப் பற்றியும் சொல்லுங்கள்: டிரோன் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிரோன் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அதற்குக் கையேடு எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். சில வருடங்களாகப் பொழுதுபோக்காக டிரோன் பறக்கவிடுகிறவன் நான். உங்கள் பெட்டிகளில் ஒரு வரி அச்சிட்டிருப்பீர்கள்: ‘தாங்கும் காற்று வேகம் வினாடிக்கு 10.7 மீட்டர், நிலை 5’. மாடலுக்கு மாடல் எண் கொஞ்சம் கூடும், குறையும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். அதை முழுதாக நம்பி ஒரு நாள் பறக்கவிட்டேன். அன்று ஒருவர் தலை தப்பியது.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது, வெளிப்பக்கமாகப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். வானிலை ஆப்பைப் பார்த்தேன்; காற்று வினாடிக்கு 6 மீட்டர். பெட்டியில் 10.7 என்று இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். கட்டடத்தின் பின்பக்கம், காற்று மறைவான முற்றத்தில் போய் நின்றேன். தரையில் கிடந்த காகிதம்கூட அசையவில்லை. சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, 249 கிராம் எடையுள்ள அந்தச் சின்ன டிரோனை மேலே ஏற்றினேன்.

பத்தாவது மாடி வரை ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்று: அது மெல்ல மெல்லச் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை ரிமோட்டின் ஸ்டிக்கை இழுத்து விலக்கினேன். ஏன் நகர்கிறது என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கைப்பிடிச் சுவரின் மட்டத்தைத் தாண்டியதும் சத்தம் மாறியது. ஒரே சீராக இருந்த ரீங்காரம் கீச்சென்று ஏறியது. டிரோன் கட்டடத்தின் பக்கம் தலையைக் கவிழ்த்தபடி பின்னோக்கிப் போனது. திரையில் ‘பலத்த காற்று’ என்ற எச்சரிக்கை அப்போதுதான் வந்தது. திரும்பக் கொண்டுவர ஸ்டிக்கை முழுதாக முன்னே தள்ளினேன். நின்ற இடத்திலேயே சாய்ந்து நின்று முக்கியதே தவிர ஓர் அடி நகரவில்லை. சரி, உயரத்தைக் குறைப்போம் என்று கீழே இறக்கினேன்.

அங்கேதான் தவறினேன். கூரை மட்டத்துக்குக் கீழே வந்ததும், அது அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று இல்லாமல் போனது. டிரோன் இன்னும் முழுச் சாய்வில் இருக்கிறது, என் விரல் இன்னும் முழுதாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அம்பு போலப் போய் ஒன்பதாவது மாடி ஜன்னலின் கான்கிரீட் விளிம்பில் மோதியது. அங்கிருந்து தரைக்கு வர மூன்று வினாடிகூட ஆகியிருக்காது. முற்றத்தில் நடந்து போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு முழம் பின்னால் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், குனிந்து எடுத்தார், ‘தம்பி, இது உங்களுதா?’ என்று நீட்டினார். ஒரு விசிறி இரண்டாக ஒடிந்திருந்தது, இன்னொன்று மோட்டாரோடு தொங்கியது. வாங்கக் கை நீட்டியபோது என் கை நடுங்கியதை அவரும் பார்த்தார்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆற்றில் பெரிய பாறைக்குப் பின்னால் சருகைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீர் அங்கே தேங்கி நிற்காது, பின்னோக்கிச் சுழன்று பாறையை நோக்கியே வரும். கட்டடத்துக்குப் பின்னால் காற்றும் அப்படித்தான். காற்றடிக்கும் பக்கத்தில் சுவரில் மோதுகிற காற்றில் ஒரு பகுதி மேலேறிக் கூரையைத் தாண்டுகிறது, ஒரு பகுதி இரு மூலைகளையும் சுற்றி ஓடுகிறது, ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்குகிறது. கூரை விளிம்பைத் தாண்டும் காற்று உடனே கீழே வளையாது; சுவரை விட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. அதற்குக் கீழே, மறைவுப் பக்கத்தில், எதிர்த்திசைச் சுழல். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை மிக மெல்லியது. நான் ஏற்றியதும் இறக்கியதும் அந்த எல்லையின் வழியாகத்தான். பத்து மாடி வரை டிரோன் சுவரை நோக்கி நகர்ந்ததற்கும் அந்தச் சுழல்தான் காரணம்.

இந்தக் கலக்கம் கட்டடத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. சிறு காற்றாலை நிறுவுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கட்டடத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு உயரம் வரைக்கும், காற்று போகும் திசையில் 20 மடங்கு தூரம் வரைக்கும் காற்று கலங்கியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு வெளியே இடம் பார்ப்பார்கள். 40 மீட்டர் கட்டடம் என்றால் 800 மீட்டர். கம்பத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இயந்திரத்துக்கே இவ்வளவு பார்க்கிறார்கள். நம்முடையது கால் கிலோ.

நீங்கள் அச்சிடும் ‘நிலை 5’ எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் கப்பல்களுக்காக வகுத்த காற்று அளவுகோல் அது. நடுக்கடலில் சுவர் கிடையாது, மூலை கிடையாது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புனலில் புகுந்தது போல் வேகமெடுக்கும் சந்து கிடையாது. வானிலை ஆப் சொல்லும் எண்ணும் அப்படித்தான்: திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் சராசரி. நடுவில் வந்து அறையும் வீச்சு அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 6 சிறியது, 10.7 பெரியது என்று முடிவெடுக்கிறோம். நான் மட்டும் இல்லை, எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

என் முதல் வேண்டுகோள் இதுதான். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ‘தடை ஏதும் இல்லாத திறந்த வெளியில் மட்டும், கட்டடங்களுக்கு அருகில் இந்த அளவு பொருந்தாது’ என்று அச்சிடுங்கள். பறக்கும் நேரத்துக்கு ‘காற்றில்லாத சூழலில் அளந்தது’ என்று அடிக்குறிப்பு போடுகிறீர்கள் அல்லவா? அந்த நேர்மையை இங்கேயும் காட்டுங்கள். அடிக்குறிப்பாக வேண்டாம், யாரும் படிப்பதில்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு கட்டடத்தை வரைந்து, காற்று எங்கே மேலேறும், எங்கே சுழலும், எங்கே பிய்த்துக்கொண்டு பாயும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும்.

இரண்டாவது வேண்டுகோள் உங்கள் மென்பொருள்காரர்களுக்கு. ஒரே இடத்தில் நிற்க டிரோன் எவ்வளவு சாய வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். நீங்கள் ‘பலத்த காற்று’ என்று எச்சரிப்பதே அந்தக் கணக்கை வைத்துத்தான். கணக்கையே எங்களுக்குக் காட்டுங்களேன். திரையின் ஓரத்தில் ஓர் அம்பும் ஓர் எண்ணும், எப்போதும். சில மாடல்களில் இது வந்திருக்கிறது; விலை குறைந்தவற்றிலும் கொடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது அவற்றைத்தான். முன்னறிவிப்பு ஒரு திசையைச் சொல்ல, என் திரையில் அம்பு நேர் எதிர்த்திசையைக் காட்டியிருந்தால், சுழலுக்குள் இருக்கிறேன் என்று ஐந்தாவது மாடியிலேயே புரிந்துகொண்டிருப்பேன்.

சுவரருகே தொல்லை காற்றால் மட்டும் வருவதில்லை. உயர்ந்த சுவர் பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. கிடைக்கிற ஜிபிஎஸ் சிக்னலிலும் சில, எதிர்க்கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்து வருபவை. டிரோன் தான் வேறெங்கோ இருப்பதாக நினைத்து, ‘சரியான’ இடத்துக்குப் போகிறேன் என்று சுவர்ப்பக்கம் நகரும். மொட்டைமாடியிலிருந்து கிளப்பினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பும். ஒரே இடத்தில் நிற்க வேண்டியது வட்டமடிக்கத் தொடங்கி, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். தடையைப் பார்க்கும் சென்சார் கண்ணாடிச் சுவரையும் மெல்லிய ஒயரையும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. காற்றை எதிர்க்க, வேகத்தைக் கூட்டும் ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினால் பெரும்பாலான மாடல்களில் அந்தச் சென்சாரும் வேலை செய்யாது. கண் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் கண்ணை மூடுகிறது. மோடு மாறும்போது ஒரு பீப் சத்தம் போதாது. ‘இப்போது எனக்குச் சுவர் தெரியாது’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

டிரோனைக் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்ப வைக்கும் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பற்றியும் சொல்ல வேண்டும். ஆபத்தில் கைகொடுக்கும் பொத்தான் என்று அதை விற்கிறீர்கள். தூரத்தில் இருக்கும் டிரோன் முதலில் குறித்த உயரத்துக்கு ஏறும், பிறகு நேர்கோட்டில் திரும்பும். பால்கனிக்கோ கூரை நீட்சிக்கோ அடியில் இருந்தால் ஏறும்போதே இடிக்கும். குறித்த உயரம் நடுவிலிருக்கும் கட்டடத்தைவிடக் குறைவானால் நேரே போய் மோதும், பார்க்கும் சென்சார் இல்லாத மாடலாக இருந்தால். உயர ஏற ஏறக் காற்று பலம் என்பதால், பேட்டரி தீரும் நேரத்தில் அதைப் பலமான காற்றுக்குள் அனுப்புகிறோம். காற்றில்லாதபோது வினாடிக்கு 12 மீட்டர் போகும் டிரோனை 8 மீட்டர் காற்றோடு விட்டால் 600 மீட்டரை 30 வினாடியில் கடந்துவிடும். எதிர்காற்றில் அதே தூரம் திரும்ப 150 வினாடி. போக்குக்கு ஐந்து மடங்கு வரத்து. பேட்டரி எச்சரிக்கை இந்தக் கணக்கைப் போட்டு, ‘இப்போதே திரும்பு’ என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன்பே ‘சுற்றிலும் மிக உயரமானது எது, எத்தனை மீட்டர்?’ என்று ஆப் கேட்க வேண்டும், பதில் தராமல் பறக்க விடக் கூடாது.

பறக்கவிடுகிறவர்களின் பொறுப்பை உங்கள் தலையில் கட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் இப்போது வேறு விதமாகப் பறக்கிறேன். கிளம்பும் முன் கட்டடத்தை ஒரு சுற்று நடந்து வருகிறேன். மூலையில் திரும்பும்போது சட்டை படபடக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தலைக்கு மேல் கொஞ்ச உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திச் சாய்வைப் பார்க்கிறேன். போகும்போது எதிர்காற்றில் போகிறேன், திரும்பும்போது அது தள்ளிவிடும். எதிர்காற்றில் திணறினால் உயரத்தைக் குறைக்கலாம், கீழே காற்று குறைவு. ஆனால் திறந்த வெளியில் மட்டும், கட்டடத்தின் மறைவுக்குள் ஒருபோதும் இறக்குவதில்லை. சுவருக்கு அருகே போயே ஆக வேண்டுமென்றால் காற்று அடங்கிய அதிகாலையில், கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு. இத்தனையும் உடைந்த பிறகு கற்றது. வாங்கிய அன்றே உங்கள் கையேட்டில் படித்திருக்கலாம்.

250 கிராமுக்குக் குறைவானவற்றுக்குப் பல நாடுகளில் விதிகள் தளர்வு. அதனால் அந்த எடையை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறீர்கள். வாங்குகிறவர்கள் அதை ‘ஆபத்தில்லாதது’ என்று படித்துக்கொள்கிறார்கள். சுவரில் முட்டிச் செங்குத்தாக விழும் கால் கிலோவைக் கீழே நிற்கிறவர் இடத்திலிருந்து ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

அன்றைய பறப்பின் பதிவு முழுதும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு நொடிக்கும் உயரம், சாய்வு, ஸ்டிக் எங்கே இருந்தது, எத்தனை செயற்கைக்கோள்கள் தெரிந்தன, எல்லாம். கூரை மட்டத்தைக் கடந்ததிலிருந்து மோதியது வரையுள்ள பகுதியைத் தனியாகப் பிரித்தும் வைத்திருக்கிறேன். உங்களில் எந்தப் பொறியாளர் கேட்டாலும் அனுப்புகிறேன். உடைந்த விசிறியையும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரோனை இன்னும் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்