ரட்டோனுக்குக் கிளம்பும் முன்

மேட்டுப்பாளையம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறோம். நீ போட்டிக்குப் பெயர் கொடுத்த விஷயத்தை அம்மா இந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது கண்ணு. பட்டாளத்தில் ரைஃபிளோடு காலம் தள்ளியவனுக்கு, மகள் ஆயிரம் கெஜத்தில் சுடப் போகிறாள் என்பதைவிடப் பெரிய சேதி என்ன இருக்கிறது?

ஆனால் நீ சொன்ன பயணத் திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. வியாழன் சாயங்காலம் ஆபீஸ் முடித்து, ராத்திரி முழுக்க இரண்டு பேரும் மாற்றி மாற்றி வண்டி ஓட்டி, வெள்ளி காலை நியூ மெக்ஸிகோ மலையடிவாரத்து ரட்டோன் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை போட்டியில் படுத்துச் சுடுவது என்கிறாய். போனில் மறுத்துச் சொன்னால் "சரிப்பா, பார்க்கலாம்ப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ இருக்கிற ஹூஸ்டன் கடற்கரைச் சமவெளியில் உள்ள ஊர். பதினைந்து மீட்டர் உயரம்கூடத் தேறுமா தெரியாது. ரட்டோன் சுமார் 2,000 மீட்டர். வெலிங்டனைவிடக் கொஞ்சம் மேலே, ஊட்டியைவிடக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள். "ஊட்டி உயரம்தானே, சின்னப் பிள்ளையிலிருந்து போய் வந்த மலைதானே" என்று உனக்குத் தோன்றும். நாம் ஊட்டிக்குப் போனது பூங்கா பார்க்க. அங்கே குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஒரு முழ அகலம்கூட இல்லாத வட்டத்தை ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். முதல் இரண்டு ராத்திரி தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார், உன் நாடி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் குறுக்குக் கம்பி குறியை விட்டு ஒரு துள்ளு துள்ளி வரும். ஹூஸ்டனில் உனக்குப் பழகிய துள்ளல் வேறு, அங்கே வரப்போகிற துள்ளல் வேறு.

லடாக்கின் லே நகரில் எங்களை இறக்கிவிட்டதும் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. ஆறு நாள் உடம்பைப் பழக்கிய பிறகுதான் முறையான வேலை. 9,000 அடிக்கு மேல் போகிற எவருக்கும் பட்டாளத்தில் அதுதான் விதி. திடகாத்திரமான பையன்தான் பெரும்பாலும் முதலில் விழுவான், ஏனென்றால் அவன்தான் ஓய்வு எடுக்க மாட்டேன் என்பான். லே 3,500 மீட்டர், ரட்டோனை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற ஆபத்தெல்லாம் நீ போகிற உயரத்தில் பொதுவாக வராது. ஆனால் தலைவலியும் தூக்கமின்மையும் வரும், தண்ணீர் குறைந்தால் இரண்டும் கூடும். மலை ஏறியவனுக்கு அது சின்ன உபத்திரவம். குறி பார்க்கிறவளுக்கு அது புள்ளிக் கணக்கு.

அதனால் செவ்வாய்க்கிழமையே கிளம்பு. முதல் ராத்திரி அமரில்லோவில் தங்கு. அந்த ஊர் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறப்போகிற உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. உடம்புக்கு அது நல்ல படி. ஹூஸ்டனிலிருந்து ரட்டோன் 800 மைலுக்குக் குறையாது, ஒரே மூச்சில் ஓட்டுகிற தூரமா அது? மறுநாள் டால்ஹார்ட், கிளேட்டன் வழியாகப் போ. கிளேட்டனில் பெட்ரோல் நிரப்பிக்கொள். அதற்கு மேல் எண்பது மைலுக்குப் புல்வெளியும் பழைய எரிமலைக் குன்றுகளும்தான், போன் சிக்னலையும் நம்ப முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள். கபுலின் எரிமலை வழியில்தான் வரும், மாப்பிள்ளை ஏறிப் பார்க்கலாம் என்பார். அது 2,500 மீட்டரைத் தொடும். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

விமானம் வேண்டாம் என்று நீ முடிவு செய்தது நல்லது. ரைஃபிளைக் காலி செய்து, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லி ஒப்படைத்துவிடலாம், அதில் சிக்கல் இல்லை. ரவுண்டுதான் இடிக்கும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஓர் ஆளுக்கு ஐந்து கிலோதான் விடுகின்றன. உன் .308 தோட்டாவில் இருநூறுக்குப் பக்கம் வரும், பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து அது கையைக் கடிக்கும். காரிலும் ரைஃபிள் காலியாக, பூட்டி, டிக்கியில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு கைப்பையில் இருக்கட்டும்.

இப்போது ரைஃபிள் விஷயம். இதுதான் எனக்கு அதிகக் கவலை.

காற்று மெலிந்தால் குண்டை இழுத்துப் பிடிக்கிற தடை குறையும். ஹூஸ்டனில் ஆயிரம் கெஜத்துக்கு நீ ஸ்கோப்பில் வைக்கிற எலிவேஷனை, அந்த மேல்-கீழ்த் திருத்தத்தை, அப்படியே ரட்டோனில் வைத்தால் குண்டு நாலைந்து மினிட் மேலே போகும். ஒரு மினிட் என்பது ஒரு டிகிரி கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு, ஆயிரம் கெஜத்தில் அது பத்தரை அங்குலம். நாலு மினிட் என்றாலே நாற்பத்திரண்டு அங்குலம். டார்கெட் ஆறடிக்கு ஆறடி, நடுவிலிருந்து மேல் விளிம்புக்கு முப்பத்தாறு அங்குலம்தான். உன் முதல் குண்டு காகிதத்தையே தொடாமல் தாண்டிப் போகும். காகிதத்தில் எங்காவது பட்டால் திருத்தலாம். படவே இல்லை என்றால் எந்தப் பக்கம் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

குண்டின் பாதையைக் கணக்கிட ஆப் இருக்கிறதே என்பாய். அந்த ஆப்பில்தான் பொறி இருக்கிறது. அழுத்தம் கேட்கிற இடத்தில் போனின் வானிலைப் பக்கத்தைப் பார்த்து எண்ணைப் போட்டுவிடாதே. ரட்டோனில் நின்று பார்த்தாலும் அது 30 அங்குலம் என்றுதான் காட்டும், ஏனென்றால் அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் கணக்கு. அங்கே உண்மையில் இருப்பது 23-க்கும் 24-க்கும் இடையில். ஸ்டேஷன் பிரஷர் என்று உன் கையடக்க வானிலைக் கருவி கெஸ்ட்ரல் காட்டுகிறதே, அதைத்தான் போட வேண்டும். 30 என்று போட்டால் நீ ஹூஸ்டனில் படுத்திருப்பதாக நினைத்துத்தான் ஆப் கணக்குச் சொல்லும். கெஸ்ட்ரலிலும் உயரத்தை நீயாகப் பதிந்து வைத்திருந்தால் அது மாற்றிய கணக்கைத்தான் காட்டும். அந்த இடத்தில் பூஜ்யம் வைத்துப் பார்த்துக்கொள்.

மெலிந்த காற்றில் நன்மையும் உண்டு. ஹூஸ்டனில் ஆயிரம் கெஜம் போவதற்குள் உன் குண்டு ஒலி வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கித் தள்ளாட ஆரம்பிக்கும், ரட்டோனில் அதிக வேகத்தோடு போய்ச் சேரும். அதே காற்று வீசினாலும் குண்டைத் தள்ளுவது குறைவு. அதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதே. மலையடிவாரக் காற்று நேராக வராது, கொடி ஒரு பக்கம் சொல்லும், மிராஜ் என்கிற கானல் அலை வேறு பக்கம் சொல்லும். 2013-ல் ஸ்கோப் வைத்துப் படுத்துச் சுடுகிற எஃப் கிளாஸ் உலகப் போட்டியே நடந்த மைதானம் அது. புதனும் வியாழனும் கிடைத்தால் வெறுமனே உட்கார்ந்து காலையில் எப்படி, பதினோரு மணிக்கு எப்படி என்று காற்றைக் குறித்து வை. வெள்ளிக்கிழமை சுட்டு ஜீரோ பார், குறி வைத்த இடத்தில்தான் குண்டு படுகிறதா என்று. இதற்காகவும்தான் முன்கூட்டிப் போகச் சொல்கிறேன்.

ரவுண்டுகளை வெயிலில் போடாதே. சூடேறினால் பிரஷர் கூடி வேகம் மாறும். ஹூஸ்டன் புழுக்கத்திலிருந்து வறண்ட காற்றுக்குப் போகிறாய், ரைஃபிளின் மரக் கட்டை சற்றுச் சுருங்கும், கட்டையோடு ரைஃபிளைப் பிடிக்கிற ஆக்ஷன் திருகுகளை முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்துவிடு.

ஆகஸ்டில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் கட்டும். மைதானத்தில் நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து கட்டடத்துக்கோ காருக்கோ போ, ரைஃபிள் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடி. ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அம்மாவின் கவலை பாம்பு. வாலை ஆட்டிச் சத்தம் போடுகிற பாம்பு அங்கே உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதான், பாய் விரிக்கும் முன் புல்லைப் பார்த்து விரி. அவள் கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம் மலை ஏற ஏற உப்பிக்கொண்டு நிற்கும், பயந்து பிரிக்காதே, மேலே போய்ச் சாப்பிடு.

ஆபீஸில் மூன்று நாள் லீவு கூடுதலாகக் கேட்பது கஷ்டம் என்று தெரியும். இந்த வருஷம் ஊருக்கு வர வைத்திருந்த லீவிலிருந்து எடுத்துக்கொள். தீபாவளிக்கு வராவிட்டால் பொங்கலுக்கு வா, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். லீவு கிடைத்ததும் ஒரு வரி போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா