சாப்பாட்டு மேசை செய்யப் போகும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றதும் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். சனிக்கிழமையானால் நானும் மீனாவும் எங்காவது கிளம்பிவிடுகிறோம்.

அப்படி, இங்கே நியூஜெர்சியிலேயே இருக்கும் கிராஃப்ட்ஸ்மேன் ஃபார்ம்ஸைப் பார்த்துவிட்டு வந்தோம். குஸ்டாவ் ஸ்டிக்லி என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் தன் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு, 1911இல் கட்டியது. இப்போது அருங்காட்சியகம். செஸ்ட்நட் மரங்களை முழுசாக அடுக்கி எழுப்பிய சுவர். உள்ளே ஓக் மேசை, நாற்காலி, அலமாரி.

சேகர், அந்த மேசைகளை நீ கிட்டத்தில் பார்க்க வேண்டும். குறுக்குக் கட்டையின் நாக்கு காலில் உள்ள துளை வழியாகப் புகுந்து மறுபக்கம் ஓர் அங்குலம் வெளியே நிற்கிறது. அதிலேயே துளையிட்டு ஆப்பு அடித்திருக்கிறார்கள். மறைக்கவே இல்லை. பூ வேலையோ கொடி வேலையோ கிடையாது. அந்த ஆப்புதான் அலங்காரம். ஓக்கை அறுத்த விதத்தில் பலகை முழுக்கப் பட்டுப் போலக் கீற்றுகள் மின்னுகின்றன. நிறத்துக்கு அம்மோனியா: காற்றுப் புகாத அறையில் சாமானை வைத்து, பக்கத்தில் அம்மோனியாவைத் திறந்து வைத்தால், ஓக்கில் இருக்கும் டேனின் என்ற துவர்ப்புப் பொருளோடு ஆவி சேர்ந்து மரமே கருக்கும். மேலே பூசிய சாயம் போல அது உரிந்து வராது.

கைவேலையை மதிக்கும் இந்தப் போக்கை இங்கிலாந்தில் தொடங்கிவைத்தவர் வில்லியம் மோரிஸ் என்ற வடிவமைப்பாளர். ஸ்டிக்லி 1901இல் ஆரம்பித்த பத்திரிகையின் முதல் இதழே மோரிஸைப் பற்றியதுதான். இலங்கையில் பிறந்த கலை அறிஞர், நம் ஆனந்த குமாரசாமிக்கும் மோரிஸ் என்றால் அவ்வளவு மதிப்பு. சிங்களக் கலை பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1908இல் வந்தது. மோரிஸின் அச்சகத்தில் இருந்த அதே இயந்திரத்தில்தான் அதை அச்சடித்தார்கள்.

எனக்கு மோரிஸை விட ஸ்டிக்லியைத்தான் பிடிக்கிறது. மோரிஸ் கம்பெனி சாமான்களில் பெரும்பாலானவை பணக்காரர் வீட்டுக்கே போயின. ஸ்டிக்லி அறுக்கவும் இழைக்கவும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். அதனால் நடுத்தரக் குடும்பங்கள் வாங்க முடிந்தது. வீட்டு வரைபடங்களைப் பத்திரிகைச் சந்தாதாரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். ஆனாலும் 1915இல் திவாலாகி, இந்த வீட்டையும் விற்க வேண்டியதாகிவிட்டது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உன் மேசைக்கு வருகிறேன். பிளைவுட் வேண்டாம். நன்றாகக் காய்ந்த தேக்காகப் பார்த்து வாங்கு. ஆசாரியிடம், திருகாணி போட்டு மக்கு வைத்து மூடாமல், நாக்கும் ஆப்பும் வெளியே தெரியும்படி செய்யச் சொல். அவருக்கும் கைத்திறமையைக் காட்டுவதில் சந்தோஷம்தான் இருக்கும். தேக்குக்கு அம்மோனியா தேவையில்லை, எண்ணெய் தடவினால் போதும்.

எத்தனை பேர் உட்கார வேண்டும், கூடத்தின் நீள அகலம் என்ன என்று எழுது. ஆசாரிக்குப் புரிகிற மாதிரி படம் போட்டு அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரகு