தமிழ்ப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு புதுப் படத்துக்கு அக்காவோடு போயிருந்தேன். எனக்குக் காது கேட்காது, வசனத்தை அவள்தான் சைகையில் சொல்லுவாள். இருட்டில் கை தெரியாதே, அதனால் போன் வெளிச்சத்தை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு சொன்னாள். பின்வரிசைக்காரர் சீட்டைத் தட்டினார், அப்புறம் ஊழியர் வந்து போனை அணைக்கச் சொன்னார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வெளிச்சம் தொந்தரவுதான். அணைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அரங்கமே சிரித்தபோதெல்லாம் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள். கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது, வாயசைவு ஒன்று, டப்பிங் வேறொன்று. நாயகனோ முக்கியமான வசனத்தை முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவார்.

நான் கேட்பது ஒன்றுதான்: தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள். அதே படம் மும்பையில் ஆங்கில சப்டைட்டிலோடு ஓடுகிறது. தணிக்கைக்கு வசனத்தை எழுத்தில்தான் கொடுக்கிறீர்கள். பிறகு என்ன தடை? எழுத்து வந்தால் காட்சியின் அழகு கெட்டுவிடுமாம். நாயகன் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கீழே ஒரு எச்சரிக்கை வருகிறதே, அது எழுத்து இல்லையா? படம் முழுக்க எனக்குப் படிக்கக் கிடைத்த தமிழ் அது ஒன்றுதான். சட்டம் சொன்னது, போட்டீர்கள். சரி, மாற்றுத்திறனாளிகளுக்குக் கலையும் எட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமும்தான் சொல்கிறது. காது கேளாதவர்களுக்கும் படம் புரிய வசதி செய்ய வேண்டும் என்று திரையரங்குகளுக்கென்றே ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு ஆறு மாதமும் மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டும் கெடு வைத்தது உங்களுக்குத் தெரியாததல்ல. திரையில் போடாமல் போன் ஆப்பில் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. மறுபடியும் அதே போன், அதே பின்வரிசைக்காரர்!

சினிமா மட்டுமா? பண்டிகை தவறாமல் டிவியில் பட்டிமன்றம், வீடே சிரிக்கும், ஒரு வரி எழுத்து இருக்காது. ரயில் வேறு பிளாட்பாரத்துக்கு மாறிவிட்டது என்பதை மைக்கில் அறிவித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பார்கள். எங்களை வைத்து உருக்கமாகக் கதை மட்டும் எடுப்பீர்கள், அதையும் நாங்கள் வசனம் புரியாமல்தான் பார்க்க வேண்டும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். எல்லாக் காட்சிக்கும் உடனே போடச் சொல்லவில்லை. முதல் வாரத்திலிருந்தே தினம் ஒரு காட்சியாவது தமிழ் சப்டைட்டிலோடு ஓட்டுங்கள், அதையும் ஆளில்லாத காலைக் காட்சிக்குத் தள்ளிவிடாமல் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். யார் பேசுகிறார், வெளியே என்ன சத்தம் என்பதும் எழுத்தில் வரட்டும். டிக்கெட் பதிவு செய்யும் இடத்தில் எந்தக் காட்சி என்று தெளிவாகப் போடுங்கள். நாங்களும் முழுக் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குகிறோம். தயவுசெய்து தமிழில் சப்டைட்டில் போடுங்கள்.

இப்படிக்கு,
காது கேளாத ஒரு சினிமா ரசிகன்